இரண்டு கிளினிக் கொப்பிகளும் ஒரே மேசையில் விரிக்கப்பட வேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் அரச வைத்தியசாலைகளில் முப்பது வருடங்களுக்கு மேல் மருந்தாளராகக் கடமையாற்றி ஓய்வுபெற்றவள் நான். மனநல மருந்து எடுக்கும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் பிள்ளைப்பேறு தொடர்பில் வரக்கூடிய சிக்கல்களைப் பற்றி எழுத வேண்டும் என்று பல காலமாக நினைத்திருந்தேன். ஆனால் இதை வெளிப்படையாக எழுதினால் மருந்தெடுப்பவர்கள் பயந்து குளிசையை நிறுத்திவிடுவார்களோ என்ற அச்சத்தினால் எழுதாமலே இருந்துவிட்டேன். எவரும் பேசாமல் இருப்பதால்தான் அவர்கள் இரகசியமாக மருந்தை நிறுத்துகிறார்கள் என்பதையும், அதைவிட ஆபத்தான காரியங்களிலும் மாட்டிக்கொள்கிறார்கள் என்பதையும் இப்போது என் குடும்பத்துக்குள்ளேயே கண்டுவிட்டேன். ஆகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் பகுதியில், பெரிய மனநோய் வைத்தியசாலை இருக்கும் 'அங்கொடை' என்ற ஊர்ப்பெயரே ஒரு வசைச்சொல்லாக இருந்தது. மனநோய் வந்தவரைக் குடும்பத்தார் அறைக்குள் பூட்டி வைப்பார்கள். அல்லது கொழும்புப் பக்கம் கொண்டுபோய் விட்டு வருவார்கள். இன்று அந்த நிலை இல்லை. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும் இரு மாவட்டங்களின் ஆதார வைத்தியசாலைகள் பலவற்றிலும் மனநலக் கிளினிக்குகள் நடக்கின்றன, மருந்துகள் இலவசமாகக் கிடைக்கின்றன. யுத்தத்திலும் 2004 சுனாமியிலும் நொறுங்கிப்போன எத்தனையோ பேர் இந்தக் குளிசைகளின் துணையோடு மீண்டும் வயலுக்கும் கடலுக்கும் பாடசாலைக்கும் போகிறார்கள். இருபது வயதில் நோய் வந்த பிள்ளை இருபத்தைந்து வயதில் சுகமாகித் திருமணம் முடிக்கிறது, தனக்கும் ஒரு குழந்தை வேண்டும் என்று ஆசைப்படுகிறது. மருத்துவம் பலன் கொடுத்ததனால்தான் இந்தக் கேள்வியே எழுகிறது. எனினும் அதைக் கேட்பதற்கு எங்கள் கிளினிக்குகளில் இன்னும் ஓர் இடம் ஒதுக்கப்படவில்லை.

என் தம்பியின் மகளுக்கு, அதாவது என் மருமகளுக்கு, இப்போது 29 வயது. அவளுடைய சம்மதத்துடன், அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றி எழுதுகிறேன். ஐந்து வருடங்களுக்கு முன்னர் அவளுக்கு நித்திரை குழம்பி, ஆட்கள் இல்லாத இடத்தில் குரல்கள் கேட்கத் தொடங்கின. ரிஸ்பெரிடோன் என்ற குளிசையில் அவள் நன்றாகத் தேறினாள். பாலர் பாடசாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள், மூன்று வருடங்களுக்கு முன் திருமணமும் நடந்தது. மாப்பிள்ளைக்குச் சொல்லப்பட்டது 'நித்திரை வருவதற்கு ஒரு குளிசை எடுக்கிறாள்' என்பது மட்டுமே. நோயும் மருந்தும் எழுதப்படும் மனநலக் கிளினிக் கொப்பி அலுமாரியில் கூறைச்சேலைக்கு அடியில், ஒரு ஷொப்பிங் பைக்குள் சுற்றி வைக்கப்பட்டிருந்தது.

திருமணத்துக்குப் பிறகு அவளுடைய மாதவிடாய் ஒழுங்கு தவறியது. பின்னர் ஏழு மாதம் வரவேயில்லை. பிள்ளை தங்கிவிட்டது என்ற நம்பிக்கையில் பார்மசியில் பட்டி வாங்கி இரண்டு தடவை சிறுநீர் பார்த்திருக்கிறாள். இரண்டு தடவையும் ஒற்றைக் கோடுதான். ஒரு நாள் பாலர் பாடசாலையில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொண்டு நின்றபோது சட்டையின் முன்புறம் நனைந்திருப்பதைக் கண்டாள். பிள்ளை பெறாத பெண்ணுக்குப் பால் சுரக்கிறது. அவள் சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்து, எவரிடமும் சொல்லாமல் இரண்டு கிழமை அழுதிருக்கிறாள். அவளுடைய தாய் மாமாங்கேஸ்வரருக்கு நேர்த்தி வைத்தார். அந்த நம்பிக்கையை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அந்த நேர்த்தியோடு சேர்த்து மருந்துக் கொப்பியையும் யாராவது திறந்து பார்த்திருந்தால் எவ்வளவோ நல்லதாக இருந்திருக்கும்.

பின்னர் கணவனும் மனைவியும் பிள்ளைப்பாக்கியம் வேண்டித் தனியார் மருத்துவ நிலையம் ஒன்றுக்குப் போனார்கள். அங்கே புதுக் கொப்பி ஒன்று போட்டார்கள். 'வேறு மருந்து ஏதும் எடுக்கிறீர்களா?' என்று வைத்தியர் கேட்டபோது, பக்கத்துக் கதிரையில் கணவன் இருந்தபடியால் 'இல்லை' என்று சொல்லிவிட்டாள். இரத்தப் பரிசோதனையில் புரொலக்டின் என்ற ஓமோன் மில்லிலீட்டருக்கு 118 நானோகிராம் இருந்தது. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு அது ஏறத்தாழ 25க்குள் இருக்க வேண்டும். வைத்தியர் புரோமோகிரிப்டின் எழுதிக் கொடுத்தார். தனக்குச் சொல்லப்பட்டதை வைத்துப் பார்த்தால் அவர் செய்தது சரியே. மூன்றாவது கிழமையில் அவளுக்கு நித்திரை அறவே போனது. நான்காவது கிழமையில் பழைய குரல்கள் திரும்பி வந்தன. நள்ளிரவில் படலையைத் திறந்துகொண்டு வீதிக்கு இறங்கியவளைத் தம்பி பிடித்து வந்து, விடிந்ததும் என்னிடம் கூட்டிவந்தான். அவளுடைய கைப்பையில் இரண்டு கொப்பிகளும் இருந்தன. இரண்டையும் என் மேசையில் அருகருகே விரித்து வைத்தபோது, நடந்தது என்னவென்று ஒரு நிமிடத்தில் விளங்கிவிட்டது.

இதை விளங்கிக்கொள்வதற்கு மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. மூளைக்குள் டோபமின் என்ற இரசாயனம், புரொலக்டின் ஓமோனைக் குளத்துத் தண்ணீரை மறிக்கும் துருசுபோல அடைத்து வைத்திருக்கிறது. மனநோய்க்குக் கொடுக்கப்படும் பல மருந்துகள் டோபமினின் வேலையைத் தடுத்தே நோயைக் கட்டுப்படுத்துகின்றன. அந்தத் தடுப்பினால் துருசும் திறந்துகொள்கிறது, புரொலக்டின் மேலெழுகிறது. பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் சுரக்க வைப்பதும், பாலூட்டும் காலத்தில் மாதவிடாயைத் தள்ளிவைப்பதும் இதே ஓமோன்தான். ஆகவே இந்த மருந்தெடுக்கும் பெண்ணின் உடல், பிள்ளை பெறாமலே, பாலூட்டும் தாயின் உடலைப்போல நடந்துகொள்கிறது. முட்டை வெளிவருவது நிற்கிறது, மாதவிடாய் நிற்கிறது, சிலருக்குப் பாலும் வருகிறது. புரோமோகிரிப்டினும் கபர்கோலினும் டோபமினைப்போலவே வேலை செய்து துருசை மீண்டும் அடைக்கும் மருந்துகள். ஆனால் மனநோய் மருந்து மூளையில் கட்டிவைத்ததை அவை அவிழ்த்துவிடவும் கூடும். இரண்டு கொப்பிகளும் ஒன்றையொன்று அறியாமல் இருந்ததன் விலை அதுதான்.

எல்லா மருந்துகளும் இப்படிச் செய்வதில்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ரிஸ்பெரிடோன், பலிபெரிடோன், அமிசல்பிரைட், ஹலோபெரிடோல், மாத ஊசியாகப் போடப்படும் புளூபினசீன் ஆகியவை புரொலக்டினைக் கூட்டும் வகையைச் சேர்ந்தவை. ஒலன்சபின் அவ்வளவாகக் கூட்டுவதில்லை. குவெட்டியபினும் குளோசபினும் பெரும்பாலும் கூட்டுவதில்லை, அரிப்பிப்ரசோல் அதைக் குறைக்கவும் செய்கிறது. மருந்தின் அளவைக் குறைத்தோ, வேறு மருந்துக்கு மெதுவாக மாற்றியோ, சிறிதளவு அரிப்பிப்ரசோலைச் சேர்த்தோ இந்தச் சிக்கலைப் பெரும்பாலானோருக்குச் சீர்செய்ய முடியும். எதைச் செய்வது, எந்த வேகத்தில் செய்வது என்பதை அந்த நோயாளியின் நோய் எப்படிப்பட்டது என்று அறிந்த மனநல வைத்தியரே முடிவு செய்ய வேண்டும். என் மருமகளுக்குப் புரோமோகிரிப்டினை நிறுத்தி, நோய் அடங்கிய பிறகு, பல கிழமைகள் எடுத்து அரிப்பிப்ரசோலுக்கு மாற்றினார்கள். மூன்றாவது மாதம் மாதவிடாய் வந்தது. 'மாமி, வந்திட்டுது' என்று தொலைபேசியில் சொன்னபோது அவளுடைய குரலில் இருந்த நிம்மதியை என்னால் மறக்க முடியாது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. புரொலக்டினைக் கூட்டும் மருந்திலிருந்து கூட்டாத மருந்துக்கு மாறும்போது, முதல் மாதவிடாய் வருவதற்கு முன்னரே முட்டை வெளிவரக்கூடும். பல வருடங்களாக மாதவிடாய் இல்லாதிருந்த பெண், தனக்கு இனிப் பிள்ளை உண்டாகாது என்று நம்பியிருப்பார். அவர் இப்போது குழந்தை வேண்டாம் என்று நினைப்பவராயின், மருந்து மாற்றப்படும் அன்றைக்கே குடும்பக்கட்டுப்பாடு பற்றியும் பேசப்பட வேண்டும். நான் கடமையாற்றிய காலத்தில் இப்படி எதிர்பாராமல் கருத்தரித்து, பயந்து, எல்லா மருந்தையும் ஒரே நாளில் நிறுத்திவிட்டு, மறுபடியும் வார்ட்டுக்கு வந்த பெண்களுக்கு மருந்து கொடுத்திருக்கிறேன்.

இனி ஆண்களைப் பற்றி எழுத வேண்டும். எங்கள் ஊர்களில் பிள்ளை இல்லையென்றால் பேச்சு முதலில் பெண்ணின் மேல்தான் விழுகிறது. அவளைக் குறிப்பதற்கு ஒரு கொடிய சொல்லும் மொழியில் இருக்கிறது. ஆனால் மனநல மருந்துகள் ஆணையும் பெண்ணையும் பிரித்துப் பார்ப்பதில்லை. புரொலக்டின் கூடிய ஆணுக்கு ரெஸ்ரொஸ்ரெரோன் குறைகிறது, விருப்பம் குறைகிறது, விறைப்புத் தளர்கிறது, விந்தணுக்களின் உற்பத்தியும் பாதிக்கப்படலாம். சில மருந்துகளால் விந்து வெளியே வராமல் பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் போய்விடுவதும் உண்டு. உறவின் பின் சிறுநீர் கலங்கலாகப் போவதைக் கண்டு தனக்கு ஏதோ பெரிய நோய் என்று பயந்துபோன ஒருவரை நான் அறிவேன். அது மருந்தினால் வந்தது, மருந்தை மாற்றினால் போகும் என்று அவருக்குச் சொல்வதற்கு எவரும் இருக்கவில்லை.

மருந்து வழங்கும் யன்னலில் நான் கண்ட ஒரு காட்சியைச் சொல்கிறேன். முச்சக்கர வண்டி ஓட்டும் ஒரு தம்பி மாதாமாதம் வந்து மனச்சோர்வுக்கான ஃபுளுஒக்செற்றின் எடுத்துச் செல்வார். ஒரு நாள் தனக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லோரும் போகும்வரை ஒதுங்கி நின்றார். பிறகு யன்னலுக்குள் தலையைக் குனிந்து, 'மிஸ், உடம்புக்குச் சத்துக் குளிசை ஏதும் தரமுடியுமா?' என்று கேட்டார். எதற்கென்று கேட்டேன். பதில் வரவில்லை, கொப்பியின் மூலையை விரலால் மடித்துக்கொண்டே நின்றார். நான் விற்றமின் குளிசை பத்துக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அடுத்த மாதம் அவர் கிளினிக்குக்கு வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. அன்று யன்னல் கதவைச் சாத்திவிட்டு வெளியே போய் அவரோடு ஐந்து நிமிடம் பேசியிருக்க வேண்டும் என்ற எண்ணம் இன்றுவரை என்னைவிட்டுப் போகவில்லை.

மனச்சோர்வுக்கும் பதகளிப்புக்கும் கொடுக்கப்படும் ஃபுளுஒக்செற்றின், சேர்ட்ரலின், பரொக்செற்றின் முதலிய மருந்துகள் பாலுறவு விருப்பத்தைக் குறைப்பதும், விந்து வெளியேறுவதைத் தாமதப்படுத்துவதும் அல்லது தடுப்பதும் அடிக்கடி நடக்கின்ற பக்கவிளைவுகள். பெண்களுக்கும் விருப்பமும் உச்சமும் குறைகின்றன. குழந்தைக்காக முயலும் தம்பதிக்கு இதுவே போதிய தடை. 2010இல் வெளியான ஓர் ஆய்வில், 35 ஆரோக்கியமான ஆண்களுக்கு ஐந்து கிழமை பரொக்செற்றின் கொடுத்துப் பார்த்தார்கள். விந்தணுக்களின் எண்ணிக்கையும் அசைவும் மாறவில்லை, ஆனால் டி.என்.ஏ. இழை உடைந்த விந்தணுக்கள் சராசரியாக 14 வீதமளவிலிருந்து 30 வீதமளவுக்குக் கூடின. மருந்தை நிறுத்திய பின்னர் அது பழைய நிலைக்குத் திரும்பியது. இதனால் பிள்ளை பிறப்பது குறைகிறது என்று நிறுவப்படவில்லை. எனினும் வழமையான விந்துப் பரிசோதனையில் எல்லாம் சரியென்று வந்தாலும் வைத்தியரிடம் மருந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்பதற்கு இது நல்ல காரணம். ஒரு விந்தணு உருவாகி முதிர்வதற்கு இரண்டரை மாதமளவு எடுப்பதால், மருந்தை மாற்றினாலும் அதன் பலன் மூன்று மாதத்தின் பின்னரே பரிசோதனையில் தெரியும். ஒரு மாதத்தில் மனமுடைந்து போகக்கூடாது.

எங்கள் பகுதியில் பெண்பிள்ளைக்கு வீட்டைக் கொடுத்துத்தான் கலியாணம் முடிப்போம். ஆண் மனைவியின் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். பெண்ணுக்கு இது பெரிய பாதுகாப்பு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மாமனார், மாமியார், மைத்துனிமார் சூழ்ந்த வீட்டில், மாத ஊசி போட்டுக்கொண்டிருக்கும் மருமகன் தன் படுக்கையறைக் குறையை யாரிடம் சொல்வார்? மனைவியைச் சுகவனிதையர் கிளினிக்குக்கும் ஸ்கேனுக்கும் அலைய விட்டுவிட்டு, தான் ஒரு தடவை விந்துப் பரிசோதனைக்குப் போக மறுக்கும் ஆண்களைக் கண்டு நான் கோபப்பட்டிருக்கிறேன். அந்த மறுப்புக்குப் பின்னால் எவ்வளவு பயம் இருக்கிறது என்பது அந்த யன்னல் சம்பவத்தின் பிறகே எனக்கு உறைத்தது.

கருத்தரிப்பதற்குத் தடையாவது ஒருபுறம்; கருத்தரித்த குழந்தைக்குத் தீங்காவது மறுபுறம். இந்த இரண்டிலும் வரும் மருந்து வல்ப்ரோயேட். மனம் ஒரு காலம் மிகையாக எழுந்தும் ஒரு காலம் சோர்ந்தும் போகும் இருமுனைக் குழப்பத்துக்கும் வலிப்புக்கும் கொடுக்கப்படும் இம்மருந்து, பெண்களுக்கு உடற்பருமனையும் சூலகத்தில் நீர்க்கட்டிகள் தோன்றி மாதவிடாய் குழம்பும் நிலையையும் ஏற்படுத்தலாம். ஆண்களுக்கு விந்தணுக்களின் எண்ணிக்கையையும் அசைவையும் குறைக்கலாம். கர்ப்பகாலத்தில் தாய் இதை எடுத்தால், பிறக்கும் 100 பிள்ளைகளில் 11 பேரளவுக்குப் பெரிய பிறவிக்குறைபாடுகள் உண்டாகின்றன. பொதுவாக இது 100க்கு இரண்டு அல்லது மூன்றுதான். மேலும் 30 முதல் 40 வீதமான பிள்ளைகளுக்குப் பேச்சிலும் நடையிலும் கற்றலிலும் பின்தங்கல் ஏற்படலாம். குழந்தையின் முள்ளந்தண்டு மூடுவது கருத்தரித்து 28 நாட்களுக்குள் முடிந்துவிடுகிறது. அதாவது மாதவிடாய் தள்ளிப்போயிருப்பதைப் பெண் கவனிக்கும் அந்தக் கிழமையிலேயே, காக்கவேண்டிய காலம் கடந்துகொண்டிருக்கிறது. அதன் பிறகு ஓடிவந்து மருந்தை நிறுத்துவதால் அந்தக் குறையை மாற்ற முடியாது.

இதன் காரணமாக 2024 ஜனவரி முதல் பிரித்தானியாவில், 55 வயதுக்குட்பட்ட ஆணுக்கோ பெண்ணுக்கோ, இரண்டு விசேட வைத்தியர்கள் தனித்தனியே ஆராய்ந்து வேறு வழியில்லை என்று பதிவு செய்தாலன்றி, வல்ப்ரோயேட்டைப் புதிதாகத் தொடங்கக்கூடாது என்று விதித்திருக்கிறார்கள். அதே மாதத்தில் ஐரோப்பிய மருந்துகள் முகவரகம் ஆண்களுக்கும் ஓர் எச்சரிக்கை விடுத்தது. கருத்தரிப்புக்கு முந்திய மூன்று மாதங்களில் தந்தை இம்மருந்தை எடுத்திருந்தால், பிள்ளைகளின் மூளை வளர்ச்சியில் குறைபாடு ஏற்படுவது 100க்கு 5 அளவாகவும், வேறு வலிப்பு மருந்துகளான லமோட்ரிஜின் அல்லது லெவெற்றிராசெற்றம் எடுத்த தந்தையரின் பிள்ளைகளில் 100க்கு 3 அளவாகவும் காணப்பட்டது. இது உறுதியான முடிவல்ல, முன்னெச்சரிக்கையே. ஆனாலும் திருமணம் முடிக்கப்போகும் ஓர் இளைஞரிடம் அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. எமது கிளினிக்குகளில் வல்ப்ரோயேட் எடுக்கும் பிள்ளை பெறும் வயதுடைய ஒவ்வொருவரின் கொப்பியும் ஒரு தடவையாவது இந்தக் கண்கொண்டு பார்க்கப்பட வேண்டும். வலிப்புக்காக எடுப்பவர்களும் சரி, மனநோய்க்காக எடுப்பவர்களும் சரி, இதை வாசித்துவிட்டுத் தாமாக நிறுத்திவிடக்கூடாது. அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராமல் முன்கூட்டியே போய்க் கேட்க வேண்டும்.

வலிப்புக்கும் இருமுனைக் குழப்பத்துக்கும் கொடுக்கப்படும் காபமசப்பின் வேறொரு வகையில் சிக்கலானது. அது ஈரலைத் தூண்டி, குடும்பக்கட்டுப்பாட்டுக் குளிசையையும் கைத்தோலுக்கடியில் வைக்கும் குச்சியையும் பலனற்றதாக்கக்கூடும். கருப்பைக்குள் வைக்கும் லூப், மூன்று மாத ஊசி ஆகியவற்றின் பலனை அது கெடுப்பதில்லை. இருமுனைக் குழப்பத்துக்குக் கொடுக்கப்படும் லித்தியம் தைரொயிட் சுரப்பியை மந்தப்படுத்தக்கூடியது. தைரொயிட் மந்தமானால் மாதவிடாயும் குழம்பும், கருத்தரிப்பதும் பிந்தும். ஆறு மாதத்துக்கொரு தடவை செய்யப்படும் இரத்தப் பரிசோதனையில் அதைக் கண்டுகொள்ளலாம், திருத்துவதும் எளிது. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் லித்தியம் எடுத்தால் குழந்தையின் இருதயக் குறைபாட்டு அபாயம் சிறிது கூடுகிறது. ஆயினும் பழைய காலத்தில் பயந்த அளவுக்கு அது பெரிதல்ல என்பதால், கடுமையான நோயுள்ள சில தாய்மாருக்கு அளவைக் கவனித்து அதையே தொடர்வார்கள்.

ஒலன்சபினும் குளோசபினும் புரொலக்டினை அதிகம் தொடாவிட்டாலும், பசியைத் தூண்டி உடலைப் பெருக்க வைக்கின்றன. திருமணத்தின்போது ஐம்பது கிலோ இருந்த பெண் இரண்டு வருடத்தில் எழுபத்தைந்து கிலோவாகி, முட்டை ஒழுங்காக வெளிவராமல் போவதை நாம் காண்கிறோம். ஊரார் இதைச் 'சாப்பிட்டுச் சாப்பிட்டு ஊதிப்போனாள்' என்று பேசுகிறார்கள். அது அவளுடைய பேராசையல்ல, மருந்தின் வேலை. நல்ல செய்தி என்னவென்றால், உடல் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலே, அதாவது எண்பது கிலோ உள்ளவருக்கு நான்கு கிலோ குறைந்தாலே, பலருக்கு மாதவிடாய் ஒழுங்குக்கு வரத் தொடங்குகிறது. மருந்து தொடங்கும் முதல் மாதத்திலிருந்தே எடையைக் கொப்பியில் எழுதிவந்தால் இவ்வளவு தூரம் போகாது.

மருந்து எடுப்பவருக்குப் பிள்ளை பிந்தினால் அது மருந்தினால்தான் என்று முடிவுகட்டவும் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட கணக்கின்படி, வாழ்நாளில் ஆறு பேரில் ஒருவர் பிள்ளைப்பேறின்மையை அனுபவிக்கிறார். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் எந்த மனநல மருந்தும் எடுக்காதவர்கள். விதையைச் சுற்றிய நாளங்கள் வீங்கியிருக்கலாம், கருக்குழாய் அடைபட்டிருக்கலாம், நீரிழிவு இருக்கலாம், புகையும் குடியும் காரணமாக இருக்கலாம். கவனிக்கப்படாத மனச்சோர்வே விருப்பத்தையும் மாதவிடாயையும் குலைக்கும். ஒரு வருடம் முயன்றும் பிள்ளை தங்காவிட்டால் இருவருமே பரிசோதிக்கப்பட வேண்டும். பெண்ணுக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதத்திலேயே போக வேண்டும்.

இவ்வளவும் எழுதிய பிறகும் என் நெஞ்சை விட்டு நீங்காத பயம் ஒன்றுதான்: குளிசையை நிறுத்திவிடுவார்களோ என்பது. லித்தியத்தைத் திடீரென நிறுத்தினால் நோய் முன்னைவிட வேகமாகத் திரும்பும். சாதாரணமாக 1000 பிரசவங்களில் ஒன்று அல்லது இரண்டில் வரும் பிரசவத்துக்குப் பின்னான கடும் மனநோய், இருமுனைக் குழப்பமுள்ள தாய்மாரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு வருகிறது. தாய் சுகமாக இருப்பதும் பிள்ளைக்குக் கொடுக்கும் பாதுகாப்புத்தான். கலியாணப் பேச்சு வந்ததும் 'இனிக் குளிசை வேண்டாம், மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிந்துவிடும்' என்று நிறுத்தும் பெற்றோரை இரு கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்: அதைச் செய்யாதீர்கள். ஓதிப் பார்ப்பவர்களும், நூல் கட்டுபவர்களும், நாட்டு வைத்தியம் செய்பவர்களும், தங்களிடம் வரும் தம்பதியிடம் குளிசையை நிறுத்தும்படி சொல்லாமல் இருந்தாலே அது பெரிய உதவியாகும். இரவு நேரத்தில் யாரிடமும் கேட்க வழியில்லாதபோது, 1926 என்ற இலக்கத்தில் தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசிச் சேவை இருக்கிறது.

எமது சுகாதாரத் துறையினரிடம் நான் கேட்பது பெரிய கட்டடமோ புதிய இயந்திரமோ அல்ல. மனநலக் கிளினிக்கில், பதினெட்டு வயது முதல் நாற்பத்தைந்து வயது வரையான ஒவ்வொருவரிடமும், ஆணாக இருந்தாலும் பெண்ணாக இருந்தாலும், 'பிள்ளை பெறும் எண்ணம் இருக்கிறதா? மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா? உறவில் சிரமம் ஏதும் உண்டா?' என்று, கூட வந்தவர்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, வருடத்தில் ஒரு தடவையாவது கேட்க வேண்டும். அதைக் கொப்பியில் பதிய வேண்டும். அறிகுறியுள்ளவர்களுக்குப் புரொலக்டின் பரிசோதனை வெளியில் காசு கொடுக்காமல் செய்ய வழி இருக்க வேண்டும். பிள்ளைப்பேறின்மைக்குச் சிகிச்சை அளிப்பவர்கள், அரச சேவையிலோ தனியாரிலோ, 'வேறு மருந்து எடுக்கிறீர்களா?' என்று தம்பதியை அருகருகே வைத்துக்கொண்டு கேட்காமல், ஒவ்வொருவரையும் தனித்துக் கேட்க வேண்டும். என் மருமகளின் வாழ்க்கையில் ஒரு கதிரையின் இடைவெளிதான் இவ்வளவையும் தீர்மானித்தது.

குடும்பநல உத்தியோகத்தர்களை இங்கே தனியாகக் குறிப்பிட வேண்டும். புதிதாகத் திருமணம் முடித்த ஒவ்வொரு வீட்டுக்கும் அவர்கள் போகிறார்கள், பதிவேட்டில் பெயரை எழுதுகிறார்கள், கருத்தரிப்பதற்கு முன்பே போலிக் அமிலக் குளிசை கொடுக்கிறார்கள். வல்ப்ரோயேட் அல்லது காபமசப்பின் எடுக்கும் பெண்ணுக்குச் சாதாரண அளவு போதாது, வைத்தியரின் ஆலோசனையுடன் கூடிய அளவு வேண்டும் என்பதை அவர்கள் அறிந்தாலே எத்தனை பிள்ளைகளுக்கு நன்மை! ஆனால் அந்தப் பெண்ணின் சம்மதமின்றி அவளுடைய நோய் பற்றிய தகவல் அவர்களிடம் போகக்கூடாது. சிறிய ஊர்களில் ஒரு வீட்டில் சொன்னது மறுநாள் தேநீர்க் கடையில் பேசப்படும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. சம்மதம் கேட்டு, எதற்காகச் சொல்கிறோம் என்று விளக்கினால் பெரும்பாலான பெண்கள் மறுக்கமாட்டார்கள் என்பது என் அனுபவம். மருந்து வழங்கும் யன்னலில் நிற்கும் என் இளைய சகோதர சகோதரிகளும், யாராவது ஒதுங்கி நின்று சத்துக் குளிசை கேட்டால், அவர் உண்மையில் கேட்பது வேறொன்று என்பதை உணர்ந்துகொள்ள வேண்டும்.

என் மருமகள் இன்னும் கருத்தரிக்கவில்லை. அவளுடைய கணவருக்கு இப்போது எல்லாம் தெரியும். முதல் கிழமை மிகவும் வேதனைப்பட்டார், பிறகு தானே மனநலக் கிளினிக்குக்குக் கூட வந்து வைத்தியரிடம் நான்கு கேள்விகள் கேட்டார். தன்னுடைய பரிசோதனைக்கும் நாள் எடுத்திருக்கிறார். இரண்டு கொப்பிகளையும் ஒன்றாக வைத்து ரப்பர் பட்டி போட்டுக் கட்டி, வீட்டு மேசையில் எல்லோரும் காணும்படி வைத்திருக்கிறார்கள்.

ஆசிரியர் அவர்களே, இக்கடிதத்தைப் பிரசுரிப்பதாக இருந்தால், தயவுசெய்து மகளிர் பகுதியில் போட வேண்டாம். ஆண்களும் வாசிக்கும் பக்கத்தில், விளையாட்டுச் செய்திகளுக்குப் பக்கத்திலாவது, இடம் தந்து உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற மருந்தாளர் ஒருவர்,
களுவாஞ்சிக்குடி.